மட்டக்களப்புத் தெற்கின் கதை – 8: மணல் திட்டும் மேற்கு வட்டையும்

பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை சுமார் 75 கிலோமீற்றர் நீளும் கரையில் பழைய ஊர்கள் ஏறக்குறைய எல்லாமே மணலின் மேல் அமைந்திருக்கின்றன. கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காகக் கிடக்கும் அந்த மணல் திட்டின் அகலம் பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீற்றர்தான். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே களப்பும் சதுப்பும். அவற்றைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வயலுக்கும் அப்பால் மேட்டுக்காடு. அதன் பின்னால் ஊவா மலைகளின் அடிவாரம்.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என முஸ்லிம் ஊரும் தமிழூரும் இடையிட்டு வரும் இந்த வரிசையை இன்று கொழும்பு–மட்டக்களப்பு ஏ-4 வீதி இணைக்கிறது. ரயில் பாதை இந்தக் கரைக்கு வந்ததே இல்லை. மிக அருகிலுள்ள நிலையம் மட்டக்களப்பில்தான் இருக்கிறது. பெரிய ஊர்களில் சம்மாந்துறை மட்டும் கரையை விட்டு விலகி வயல்களின் நடுவே நிற்கிறது.

இந்த மக்கள் மணலில் குடியேறியதற்கு மீனைவிடத் தண்ணீரே பெரிய காரணம். கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் மணல் திட்டு மழைநீரை உள்வாங்கி நன்னீராக வைத்திருக்கிறது. சில அடி ஆழம் தோண்டினாலே குடிக்கக்கூடிய கிணறு கிடைக்கும். மேற்கிலுள்ள தாழ்நிலமோ மாரிகாலத்தில் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அங்கே நெல் விளையும், வீடு கட்ட முடியாது. ஆகவே குடியிருப்பு கிழக்கிலும் பிழைப்பு மேற்கிலுமாக அமைந்தது. காலையில் களப்பைக் கடந்து வட்டை எனப்படும் வயல்வெளிக்குப் போவதும் பொழுதுபடத் திரும்புவதும், விளைச்சல் காலத்தில் அங்கேயே வாடியடித்துக் காவலிருப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன. வெளியூரார் இதை ஒரு மீன்பிடிக் கரை என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் இது கடலைப் பார்த்துக் குடியிருந்துகொண்டு முதுகுப்புறத்து வயலால் வாழ்ந்த நாடு. அதன் பொருளாதார வரலாறு முழுவதும் அந்த மேற்கு வயலும் அதற்கு வரும் தண்ணீரும் யார் கையில் இருந்தன என்பதைச் சுற்றியே நடக்கிறது.

குடியிருப்பின் நெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைக் கொண்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயில் வண்ணக்கர் பதவியும் பள்ளிவாசல் மரைக்காயர் பதவியும் குடிவாரியாகவே வகுக்கப்பட்டிருந்தன. திருமணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெண்ணுக்குச் சீதனமாக ஒரு வீடு கட்டாயம். மூன்று பெண்கள் இருந்தால் தாயின் வளவு மூன்றாகும், அடுத்த தலைமுறையில் ஒன்பதாகும். பெற்றோர் தமக்கென இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறு வீடு கட்டிக்கொண்டு அடுத்தவளின் வீட்டுக்குச் சேர்க்கத் தொடங்குவர். அகலம் கூடாத மணல் திட்டில் இந்த வழக்கம் வேலிக்கு வேலி ஒட்டிய மனைகளை உண்டாக்கியது. சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் கொழும்புக்கு வெளியே நாட்டின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் சேர்ந்தது இப்படித்தான்.

காற்றும் மழையும் இரண்டு பருவங்களாக வருகின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். வாடைக்காற்று வீசும் அந்த மாதங்களில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், தோணி இறங்காது. மே மாதத்துக்குப் பின் மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலையைத் தாண்டும்போது ஈரத்தை இழந்துவிட்ட அந்தக் காற்று வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கும், கடலோ அமைதியாகிவிடும். வயலுக்கு நல்ல மாதம் கடலுக்குக் கெட்ட மாதம் என்ற இந்த ஒழுங்கால், மாரியில் கூலிக்கு வயலுக்குப் போனவர் பலர் கோடையில் கரைவலை இழுக்க வந்தனர்.

ஆறுகளில் முதன்மையானது பட்டிப்பளை ஆறு. சிங்களத்தில் கல்லோயா எனப்படும் இது ஊவா மலைச்சரிவில் தோன்றிக் கிழக்கே இறங்கிச் சமவெளியில் பல கிளைகளாகப் பிரிந்து பரவுகிறது. நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடையில் களியோடை கடலைச் சேர்கிறது. பனங்காட்டை ஒட்டித் தில்லையாறு ஓடுகிறது. அக்கரைப்பற்றின் பெரிய களப்பு, திருக்கோவில் களப்பு, கோமாரிக் களப்பு, அறுகம்பைக் களப்பு எனத் தெற்கே களப்புகள் தொடர்கின்றன. கோடையில் அலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் களப்புகளின் வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகி மேற்கு வயல்களில் ஏறும்போது அந்த மணற்தடையை வெட்டிவிட வேண்டும்.

முகத்துவாரம் வெட்டுவது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஊருக்குள் அதைப் போலச் சச்சரவுக்குரியது வேறில்லை. முதலில் ஆட்கள் மண்வெட்டியால் ஓர் ஆள் அகலத்துக்கு வாய்க்கால் கீறுவார்கள். நீர் ஓடத் தொடங்கியதும் இரு கரையும் இடிந்து, சில மணி நேரத்தில் ஆறுபோலப் பாயும். கதிர் தாழ்ந்து நிற்கும் வயற்காரர் உடனே வெட்டச் சொல்வார். களப்பில் இறாலும் மீனும் வளரக் காத்திருப்பவர் இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்வார். காலம் தாழ்த்தினால் நெல் அழுகும். முந்தி வெட்டினால் களப்பு வற்றும். முன்பு கச்சேரியும் இன்று பிரதேச செயலகமும் இந்த நாளைக் குறிக்க வேண்டியிருக்கிறது.

பழைய நிர்வாகப் பிரிவுகளும் இந்த நில அமைப்பை ஒட்டியவையே. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, நாடுகாட்டுப்பற்று, பாணமைப்பற்று ஆகியவை ஒவ்வொன்றும் வன்னிமை என்ற தலைவரின் கீழ் இருந்தன. கண்டி அரசனுக்குரியதாயிருந்த இக்கரை 1766 உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கைக்குப் போனது. முஸ்லிம் குடியிருப்பின் வளர்ச்சியில் 1626 ஒரு முக்கிய ஆண்டு. மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கேரோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தனர் என்றாலும், அந்தக் குடியேற்றத்துக்குப் பின் அவர்கள் வணிகத்தோடு நெல் வேளாண்மையிலும் ஊன்றினர். தென்னிந்தியக் கரையின் முஸ்லிம் நகரங்கள் பெரும்பாலும் வணிகத்தால் வளர்ந்தவை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முஸ்லிம்கள் நிலத்தோடு கட்டுண்ட விவசாயிகள். இந்த வேறுபாட்டை மனதில் கொள்ளாமல் இவர்களின் பிற்கால அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது.

வெள்ளாண்மையின் உச்சியில் போடியார் இருந்தார். தமிழரிலும் முஸ்லிம்களிலும் போடியார்கள் உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தனர். போடியார் காணியையும் விதைநெல்லையும் எருமைகளையும் கொடுப்பார். வயலில் நின்று வேலையை நடத்துபவர் முல்லைக்காரர். அவரின் கீழே வயற்காரர்கள். கூலி பணமாக இல்லை, விளைந்த நெல்லில் பங்காகவே கிடைத்தது. வட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டவிதானை இருந்தார். வாய்க்கால் துப்புரவாக்கும் நாள், தண்ணீர் திறக்கும் முறை, விதைப்பை முடிக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றைக் கூட்டத்தில் எடுத்த முடிவுப்படி நடைமுறைப்படுத்துவது அவர் பொறுப்பு. வட்டையைச் சுற்றிப் பொதுவேலி அடைப்பதும் அவர் கண்காணிப்பில்தான். ஒவ்வொருவரும் தம் காணியின் அளவுக்கேற்ப வேலியில் ஒரு துண்டை அடைக்க வேண்டும். ஒருவர் அடைக்காமல் விட்டால் அந்த இடைவெளியால் மாட்டுப்பட்டி புகுந்து எல்லாருடைய பயிரையும் மேய்ந்துவிடும். தவறியவர் நட்டம் கட்டியாக வேண்டும்.

அறுவடை முடிந்ததும் கதிரைச் சூடாக அடுக்கி, களத்தில் பரப்பி, எருமைகளை வட்டமாக நடத்திச் சூடடிப்பார்கள். இரவு முழுவதும் நடக்கும் அந்த வேலையில் பொலிப்பாட்டு எழும். களத்துக்குள் செருப்புடன் போகக்கூடாது, பெண்கள் போவதில்லை, ஊரில் பேசும் சில சொற்களைக் களத்தில் பேசாமல் அவற்றுக்குப் பதிலாக வேறு சொற்களே வழங்கும். இந்த விலக்குகளைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோலவே கடைப்பிடித்தனர். பின்பு உழவு இயந்திரம் எருமையை அகற்றியது. அதற்குப்பின் வந்த அறுவடை இயந்திரம் வெட்டுவதையும் அடிப்பதையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது. களமும் பாட்டும் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோனது இக்கரையின் பெரிய இழப்புகளில் ஒன்று. ஆயினும் முதுகு ஒடியக் கதிர் சுமந்தவர்கள் அதை இழப்பாகக் கருதாததையும் சொல்லியாக வேண்டும்.

வணிகம் இந்த நெல்லின் மேல் கட்டப்பட்டது. முஸ்லிம் வணிகர்கள் பொதிமாட்டுத் தவளங்களில் உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு விந்தனைக்கும் ஊவாவுக்கும் சென்று பாக்கும் மலைநாட்டு விளைபொருளும் கொண்டுவந்தனர். மருதமுனை நெசவூராக வளர்ந்தது. சாயமிட்ட நூலைத் தெருவோரம் நீளமாகக் கட்டிப் பாவோட்டுவதும், வீட்டுக்கு வீடு தறியின் சத்தம் கேட்பதும் அந்த ஊரின் அடையாளமாயின. மருதமுனைச் சாரமும் சேலையும் நாடெங்கும் விலைபோயின. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களின் முற்பகுதியில் தறிகள் நன்றாக ஓடின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மலிவான ஆலைத்துணி வந்ததும் பல தறிகள் நின்றன. எஞ்சியவை தரத்தாலும் வடிவமைப்பாலும் இன்றுவரை தாக்குப்பிடிக்கின்றன.

தென்னை மணல் திட்டின் இயல்பான பயிர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் மட்டக்களப்புக் கரையெங்கும் பெருந்தோட்டங்கள் திறந்தனர். அவை பின்னர் உள்ளூர்ச் செல்வர் கைக்கு மாறின. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கல்முனைப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. ஓர் இரவில் சாய்ந்த மரங்களுக்கு ஈடாக நட்ட கன்றுகள் காய்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

பிரித்தானியர் காலத்தில் நீர்ப்பாசனம் மீண்டும் கவனம் பெற்றது ஆளுநர் ஹென்றி வார்டின் ஆட்சியில். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், வாய்க்கால் வழக்கங்களை விவசாயிகளே கூடித் தீர்மானிக்கும் பழைய முறைக்குச் சட்ட வலுக் கொடுத்தது. இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் திருத்தப்பட்டன. தெற்கே சாகாமக் குளமும் றொட்டைக் குளமும் கஞ்சிகுடிச்சாறும் அந்தந்த வட்டைகளுக்கு நீர் கொடுத்தன. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான காணி மாரி மழையை நம்பிய ஒருபோகக் காணிதான். பட்டிப்பளை ஆற்றின் வெள்ளம் ஆண்டுதோறும் வயலைக் கொண்டுபோவதும், கோடையில் அதே ஆறு வற்றிக்கிடப்பதுமாக இருந்தது.

1949இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெருங்கனவான இத்திட்டத்துக்கு அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை முன்மாதிரி. இங்கினியாகலையில் இரு மலைகளுக்கு இடையே சுமார் 1.1 கிலோமீற்றர் நீள அணையை அமெரிக்க நிறுவனமான மொரிசன்–நட்சன் கட்டியது. சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயர்பெற்ற நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி. நாட்டின் எந்தப் பழைய குளமும் அதற்கு அருகில் வராது. நீர் இடதுகரை, வலதுகரை, ஆற்றுப்பிரிவு என மூன்று வழியில் பகிரப்பட்டது. ஆற்றுப்பிரிவு ஏற்கெனவே இருந்த கரையோர ஊர்களின் வயல்களுக்கானது. வலதுகரையில் கரும்பு நட்டு ஹிங்குராணையில் சீனி ஆலை எழுந்தது. அந்த ஆலை 1997இல் மூடப்பட்டு, 2012இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

காடு வெட்டிய நிலத்தில் நாற்பதளவு குடியேற்றக் கிராமங்கள் அமைந்தன. தொடக்ககாலக் குடியேறியவருக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தன. பெரும்பாலானோர் கேகாலை, கண்டி போன்ற மாவட்டங்களின் நிலமற்ற சிங்கள விவசாயிகள். கரையோரத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கீழ்ப்புறத்தில் சில குடியேற்றங்கள் கிடைத்தன. 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி என எண்ணாலேயே அவை இன்றும் அறியப்படுகின்றன. 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் விவாதிக்கப்பட்ட நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் மீது வன்முறை பாய்ந்தது. சுதந்திர இலங்கை கண்ட முதலாவது பெரிய இனக்கலவரம் அது, பலர் கொல்லப்பட்டனர். தொழில்தேடிப் போயிருந்த தமிழர் கரைக்குத் திரும்பி ஓடிவந்தனர்.

1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானது. அதன் தலைநகர் கரையோரத்தின் பழைய நகரமான கல்முனை ஆகவில்லை. திட்டத்துக்காகக் காட்டின் நடுவே எழுப்பிய அம்பாறை நகர் ஆனது. காணிப் பதிவு, நீர்ப்பாசனம், விவசாயக் கடன் எல்லாவற்றுக்கும் கரையோர மக்கள் உள்நாட்டுக்குப் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. கல்லோயாத் திட்டம் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தியது, சிறுபோகத்தைச் சாத்தியமாக்கியது, மாவட்டத்தை நாட்டின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஒன்றாக ஆக்கியது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் ஊரின் வட்டவிதானை தீர்மானித்த தண்ணீர் அதன்பின் பல மைல்களுக்கு அப்பால் ஒரு மதகில் தீர்மானிக்கப்பட்டது. மேற்குக் காட்டில் பட்டி மேய்த்த கரையோரப் போடிமாரின் மேய்ச்சல் தரையும் குடியேற்றத்துக்குள் போய்விட்டது. எருமைத் தயிருக்குப் பெயர்பெற்ற கரையில் மாடு வளர்ப்பு சுருங்கியதற்கு இதுவே முதற்காரணம்.

வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்கு நிறையவும் வாலில் இருப்பவருக்குக் குறையவும் கிடைப்பது நீர்ப்பாசனத்தில் எங்கும் உள்ள குறை. கல்லோயாவில் அது இனப்பிளவோடு ஒட்டிக்கொண்டது: தலைப்பில் பெரும்பாலும் சிங்களவர், வாலில் தமிழ் பேசுவோர். 1980களின் தொடக்கத்தில் இடதுகரை திருத்தப்பட்டபோது கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர் சிலரை வாய்க்கால் ஓரம் குடியிருக்கச் செய்து, ஒவ்வொரு வயல்வாய்க்காலுக்கும் விவசாயிகள் குழுவை உருவாக்கின. நீர்த்தேக்கம் வழமையைவிட மிகக் குறைந்திருந்த ஒரு பருவத்தில் தலைப்பு விவசாயிகள் முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். கீழிருந்தவர் தமிழர் என்று அறிந்தே அதைச் செய்தனர். நாட்டில் பகைமை முற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே அது நடந்தது. இந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். இலங்கையின் வரலாற்று நூல்கள் 1956 கலவரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு பங்கையாவது இந்த வாய்க்கால் உடன்பாட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

போர் வயலுக்கும் வீட்டுக்கும் இடையே புகுந்தது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1986 பெப்ரவரியில் அக்கரைப்பற்றுக்குத் தென்மேற்கே உடும்பன்குளத்தில் அறுவடை வேலையில் இருந்த தமிழ் விவசாயிகள் பலர் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் வயலுக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதன்பின் மேற்கு வட்டைக்குப் போவதே உயிராபத்தாயிற்று. முஸ்லிம்களின் காணி தமிழ்ப்பகுதிக்கு அப்பாலும், தமிழரின் காணி படைமுகாம்களுக்கு அப்பாலும் கிடந்தன. பல வட்டைகள் ஆண்டுக்கணக்கில் தரிசாகின. குத்தகைக்கு விட்டும் பாதி விலைக்கு விற்றும் காணிகள் கைமாறின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவது இந்த ஆண்டுகளில்தான் பெருகியது; வயலில் இழந்த வருமானத்தை அந்தப் பணம் ஓரளவு ஈடுசெய்தது. அக்கரைப்பற்று நகரமும் இரண்டாகியது. கருங்கொடித்தீவு என்ற பழம்பெயர் கொண்ட அந்த ஓரூரின் முஸ்லிம் பகுதி அக்கரைப்பற்று பிரதேச செயலகத்திலும், தமிழ்ப் பகுதி ஆலையடிவேம்பு பிரதேச செயலகத்திலும் சேர்ந்தன. கோளாவில், பனங்காடு, வாச்சிக்குடா, கண்ணகிபுரம் ஆகியவற்றோடு, முன்பு நாடோடிகளாயிருந்து தெலுங்கு பேசும் மக்கள் நிலைகொண்ட அளிக்கம்பையும் ஆலையடிவேம்பில் அடங்கும். சந்தையும் பஸ் நிலையமும் அக்கரைப்பற்றில் இருக்க, சாகாமம் வீதி வழியே மேற்கு வயல்களுக்குப் போகும் வாசல் ஆலையடிவேம்பில் இருக்கிறது. நிர்வாகம் பிரித்தாலும் ஒன்றில்லாமல் மற்றது இயங்காத நிலை இன்றும் தொடர்கிறது.

கடல் இந்தப் பொருளாதாரத்தின் சிறுபாதிதான் என்றாலும், அதைச் சார்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கரைவலையைத் தோணியில் ஏற்றி அரைவட்டமாக விட்டுவந்து, இரு முனையிலும் ஆட்கள் பிடித்துக் கரைக்கு இழுப்பர். மடி கரையேறும்போது கீரியும் நெத்தலியும் பாரைக்குட்டியும் துள்ளும். விற்றுமுதலில் வலைக்காரருக்கு ஒரு பங்கு போக எஞ்சியது இழுத்தவர்களுக்கு. சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளும் போகின்றன. ஆனால் அலையடிக்கும் திறந்த கரையில் அவற்றை நிறுத்தப் பாதுகாப்பான இடம் இருந்ததில்லை.

2004 டிசெம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாட்டின் மொத்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. வேறெந்த மாவட்டமும் இந்த அளவுக்கு இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய நெருங்கிய ஊர்களில்தான் சாவு குவிந்தது. சீதன வீட்டுக்காகத் துண்டாடப்பட்ட மணல் வளவுகள் கடல்விளிம்பு வரை போயிருந்தன. இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. பின்னர் அரசு கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை விதித்தபோது, பின்வாங்கிக் குடியேற இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. திட்டின் மேற்கே இருந்தது வயலும் சதுப்பும்தான். வயற்காணிகள் மண் நிரப்பப்பட்டு வீடுகளாயின. வெள்ளம் தங்கிப் பரவிய நிலம் குறைந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குரியவை என்ற வழக்கில் 2009இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின்னும் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. வீடிழந்தவர்கள் இருக்கும் ஊரில் கட்டி முடித்த வீடுகள் காடேறிக் கிடந்ததற்கு எந்தச் சட்ட விளக்கமும் ஆறுதல் தராது.

ஒலுவில் துறைமுகம் துறைமுக அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் முன்வைத்த திட்டம். 1995இல் ஒலுவிலில் தொடங்கி அடுத்த ஆண்டு முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அவருடைய முயற்சியே. அவர் 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கிய துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை வழிமறித்தன. மணல் துறைமுக வாயில் குவிந்தது. அது போய்ச் சேராத வடபுறத்தில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன; வீடுகளும் தோணி ஏற்றும் கரையும் போயின. சரக்குக் கப்பல்கள் வரவில்லை. மீன்பிடிப் படகுகள் நுழையவும் வாயைத் திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டியிருந்தது. கோடையில் மணல் முகத்துவாரத்தை அடைக்கும் என்பது இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த செய்தி. அந்த அறிவுக்குத் திட்ட வரைபடத்தில் இடம் கிடைத்திருந்தால் நிந்தவூரின் கரை இன்று இவ்வளவு உள்ளே வந்திருக்காது.

2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 6.5 லட்சம்: முஸ்லிம்கள் 43 சதவீதம், சிங்களவர் 39, தமிழர் 17. கரையோரத்தில் நெல்லே இன்னும் முதன்மை. சம்மாந்துறையிலும் கல்முனை, அக்கரைப்பற்றுச் சுற்றுப்புறங்களிலும் அரிசி ஆலைகள் இயங்குகின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் பலருக்குப் பாதியளவாகச் சரிந்தது. அறக்கொட்டிப் பூச்சியும் மேற்கிலிருந்து இறங்கும் யானையும் ஆண்டுதோறும் வருகின்றன. பொத்துவிலில் அறுகம்பையின் அலைகள் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வெளிநாட்டு அலைச்சறுக்கு வீரர்களை இழுக்கின்றன. கோடையில் மீனை மட்டும் நம்பியிருந்த ஊருக்கு அது புதிய வருமானம். 2024 நவம்பர் 26இல் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் மாவடிப்பள்ளியில் வீதியைக் கடந்த வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் அதில் உயிரிழந்தனர். திட்டுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவேயுள்ள அந்தத் தாழ்நிலம் மாரியில் ஆற்றுக்கே உரியது. அங்கே மண் நிரப்பி எழும் ஒவ்வொரு கட்டடமும் வெள்ளத்தை வீதிமேல் ஏற்றுகிறது.

பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர், பிரதேச செயலாளர், கமநல அதிகாரி ஆகியோர் முன் விவசாயிகள் அமர்வர். சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டம் அறிவிக்கப்பட்டு, எத்தனை ஏக்கருக்கு நீர் உண்டு, எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதியில் பூட்டுவது என்று முடிவாகும். 1856ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் தொடர்ச்சிதான் இது. வட்டவிதானைமார் இன்றும் அதில் அமர்கின்றனர். மதகின் திறப்பு அவர்கள் கையில் இல்லாவிட்டாலும், வாலில் கிடக்கும் காணிக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று எழுந்து சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. சிறுபோகத்தில் நீர் போதாதபோது காணியின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அந்தப் பகுதியை எல்லாருக்குமாகப் பங்கிட்டுச் செய்யும் பழைய ஏற்பாட்டுக்கும் சில வட்டைகள் திரும்பிப் போவதுண்டு.